பந்தியில் வருகிற இரண்டு வகைச் சண்டை

பந்தி பரிமாறுகிற நம்ம செட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவே கூச்சப்படுவேன். எழுதச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்வேன். இப்போதெல்லாம் மறதி வேறு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிற ஆளாகிவிட்டேன்.

நான் செட்டுக்கு வருவதை நிறுத்திக் கொஞ்ச காலமாகிறது. போன முகூர்த்தத்தில் ஒரு மண்டபத்தில் பந்தி நடக்கும்போதே கட்சிச் சண்டை வந்து, நம்ம பிள்ளைகள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடிப் போனதாக நம்ம முதலாளி வருத்தப்பட்டார். "நீங்க எம்புட்டுப் பந்தி பாத்திருப்பீக, நாலு வார்த்தை எழுதிக் குடுங்க, குரூப்புல போட்டுவிடுறேன்" என்றார். அதனால் எழுதுகிறேன். இலையில் எதை எங்கே வைக்கணும், எது முதலில் போகணும் என்பதெல்லாம் வேலையோடு வேலையாக வந்துவிடும். அதை எழுதப் போவதில்லை.

ஓடியதில் தப்பில்லை தங்கங்களா. ஆனால் எல்லாக் கட்சிச் சண்டைக்கும் ஓட வேண்டியதில்லை. பந்தியில் கட்சி பேசாமல் எழுந்த ஆம்பிளையை நான் மதுரையில் பார்த்ததில்லை. அதில் ரெண்டு வகை இருக்கிறது. ஒரு வகையில் நாம் பாட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். இன்னொன்றில் நிற்க வேண்டும். இந்த ரெண்டையும் ஒரே குடும்பத்து விசேசத்தில் நான் பார்த்தேன். அதைச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

செல்வி கல்யாணம் சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை கணேசனுக்குச் சிம்மக்கல்லில் பழக்கடை. செல்விக்கு ஒரே அண்ணன், பாண்டி. அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயம், கூடவே ஒரு சரக்கு வண்டி. கணேசன் வீடு பரம்பரையாக ஒரு கட்சி, பாண்டி வீடு அதற்கு நேர் எதிர்க் கட்சி. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அதைப் பேசிச் சிரித்தார்களாம்.

கல்யாணப் பந்தியில் மச்சானும் மாப்பிள்ளையும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் அப்பளக் கூடையோடு வருகிறேன். கணேசன் சொன்னார்:

"பெரியம்மா, எங்க மச்சானுக்கு ரெண்டா வைங்க. அவுக கட்சியும் இதேதான், பாக்கப் பெருசா இருக்கும், தொட்டா நொறுங்கிரும்."

பாண்டி விடுவாரா?

"நொறுங்கினாலும் எங்க சத்தம் வெளிய கேக்கும் மாப்ள. உங்க எம்மெல்லே பாயாசத்து முந்திரி. இருக்காரு இருக்காருங்கிறாக, கரண்டிய விட்டுத் தேடினாலும் ஆளு சிக்க மாட்டேங்கிறாரு."

ரெண்டு வரிசையும் சிரித்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவருக்குப் புரையேறித் தலையில் தட்டினார்கள். கணேசனும் சிரித்துக்கொண்டே, "அது நெசம்தான், எங்காளு ஓட்டுக்கு வந்ததோட சரி" என்று ஒத்துக்கொண்டார். பாயாசம் அன்றைக்கு ரெண்டாம் தடவையும் போனது. அப்போதிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எதிர்க் கட்சிக்காரர்களை எதிரெதிரே உட்கார வைப்பேன். கேலி பேசுகிற பந்தியில் சோறு நன்றாக இறங்கும்.

எனக்கு வேலை பழக்கிய அக்கா, "இலையப் பாரு, ஆளப் பாக்காத" என்பாள். யார், எவர், என்ன கட்சி என்று பார்க்காமல் இலையில் எது குறைகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்வாள். அவள் சொன்னது முக்கால்வாசி சரி.

பிறகு அரசியலில் ஒரு புதுத் தலைவர் வந்தார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். மீதிப் பேர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். ரெண்டும் வேண்டாம்.

நான் அவரைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டத்துக்கு நம்ம செட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது. மேடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நாங்கள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் மேடைக்குப் போகிற வழியில் உள்ளே வந்துவிட்டார். கூட இருந்தவர்கள் இழுக்க இழுக்க நின்று, "நீங்க சாப்ட்டீங்களாம்மா? இவங்களுக்கு முதல்ல குடுங்கப்பா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருசத்தில் அப்படிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைச்சல். அது நடிப்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அதே மனுசர் அடுத்த நிமிசம் மைக்கில் பேசினார். மற்ற தலைவர்கள் எதிர்க் கட்சித் தலைவரைத் திட்டுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது பழகிப்போச்சு. இவர் அந்தத் தலைவர்களைப் பற்றிப் பேசவே இல்லை. கீழே நிற்கிறவர்களின் வீட்டைப் பற்றிப் பேசினார். "என்னை நம்புறவன் என் ரத்தம். நம்பாதவன் உன் கூடப் பொறந்தவனா இருந்தாலும் அவன் உன் எதிரிதான். அவன் வீட்டுப் படி ஏறாதே" என்றார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த நேரம் உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான், இவர் யாரைச் சொன்னார், என் தம்பியையா என்று தோன்றியது. என் தம்பிக்கு அவரைப் பிடிக்காது.

கணேசன் அவர் பக்கம் போனார். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அம்மா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுக்க ஓடி வந்தது அந்தத் தலைவரின் கட்சிப் பையன்கள்தான். பரம்பரைக் கட்சிக்காரர்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பாண்டிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதற்கும் காரணம் இருந்தது. காளவாசலில் பாண்டியின் கூட்டாளி ஒருத்தர் டீக்கடை வைத்திருந்தார். கடையடைப்பு அன்றைக்கும் கடையைத் திறந்து வைத்தார் என்று அந்தத் தலைவரின் ஆட்கள் பால் சட்டியைத் தெருவில் கவிழ்த்துக் கண்ணாடியை நொறுக்கினார்கள்.

ரெண்டு பேரும் உட்கார்ந்து, ரத்தம் கொடுத்ததும் நெசம், கடையை உடைத்ததும் நெசம் என்று பேசியிருந்தால் அது முதல் வகைச் சண்டையாக முடிந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்க பாண்டிக்கு மனசில்லை. டீக்கடைக் கதை பொய் என்று கணேசன் சாதித்தார். குடும்பக் குரூப்பில் பாண்டி, "அந்த ஆளு பின்னாடி போறவன் மனுசனே கெடையாது" என்று போட்டார். கணேசன், "அவரைப் பேசுனவன் எனக்கு மச்சானே கெடையாது" என்று பதில் போட்டார். அதோடு ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. செல்வி நடுவில் மாட்டிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் செல்வி மகளுக்குக் காதுகுத்து வந்தது. சின்னப் பிள்ளை, அப்போதுதான் மழலை மாறிப் பேச ஆரம்பித்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பாண்டி வந்தார், மேளத்தோடு சீர் கொண்டு வந்தார், பிள்ளையை மடியில் வைத்தார். காது குத்தும்போது பிள்ளை வீறிட்டது. பாண்டிக்கும் கண்ணில் தண்ணீர் நின்றதாகச் சொன்னார்கள். ஆனால் கணேசன் நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நான் சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். செல்வி பட்டுச் சேலையோடு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். 

"பெரியம்மா, எங்கண்ணன் கை நனைக்காமப் போயிரும் போல இருக்கு. சீர் செஞ்சேன், கடமை முடிஞ்சதுன்னு அண்ணிகிட்டச் சொல்லுச்சாம். ஒரு வாய் சாப்பிட வச்சிருங்க பெரியம்மா."

நம்ம பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். விசேச வீட்டுக்கு வந்துவிட்டு ஒரு பருக்கை சாப்பிடாமல் போனால் உறவை அறுத்துவிட்டுப் போகிறார் என்று அர்த்தம். அதுவும் தாய்மாமன். நாளைக்கு அந்தப் பிள்ளை வயசுக்கு வந்தாலும், கல்யாணம் என்றாலும், அந்த வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள். செல்விக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் போகும்.

நான் என்ன செய்தேன் என்றால், முதல் பந்திக்குக் கூட்டம் சேருவதற்குள்ளே பாண்டியை அழைத்து வரச் சொல்லி, கடைசி வரிசை ஓரத்தில் உட்கார வைத்தேன். செல்வி கெஞ்சிக் கூட்டி வந்தாள். அவரும் தங்கச்சிக்காக உட்கார்ந்தார். கறி விருந்து. பச்சடி வைத்தாச்சு, கோலா உருண்டை வைத்தாச்சு. அதற்குள் எதிர் வரிசையில் கணேசனின் கூட்டாளி ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் அந்தத் தலைவர் படம் தெரிந்தது. இன்னொன்றும் நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். வாசலில் இடம் பத்தவில்லை என்று ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர்கள் தலைவர் படத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் கட்டியிருந்தார்கள். நான் பாண்டியை உட்கார வைத்தது சரியாக அதற்குக் கீழே.

எதிரே உட்கார்ந்தவரைப் பார்த்ததும் கல்யாணப் பந்திதான் என் ஞாபகத்துக்கு வந்தது. கேலி பேசிக்கொண்டே சாப்பிட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். வேறு இடத்துக்கு மாற்றவில்லை. பாண்டி இலையில் சோறு விழுந்தது. அந்த ஆள் சிரித்துக்கொண்டே, கெட்ட எண்ணத்தோடு இல்லை, சொன்னார்:

"என்னண்ணே, கடைசியில எங்க தலைவர் நெழல்லதான் ஒக்காந்து சாப்புடுறீக போல!"

அப்பளத்தையும் முந்திரியையும் வைத்துப் பேசினார்களே, அதைவிட இது ஒன்றும் பெரிய பேச்சில்லை. ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாண்டி தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். எழுந்தார். நேராகப் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார். அந்த வரிசையே கையை இலையில் வைத்தபடி அசையாமல் இருந்தது. கறிக்குழம்பு வாளி பிடித்திருந்த பெண், "அக்கா, நான் என்ன செய்யட்டும்?" என்று என்னைப் பார்த்தாள். 

கணேசன் வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எடுங்க அந்த எலைய. அடுத்த ஆள ஒக்கார வைங்க."

எந்த விசேச வீட்டுக்காரரையும் நான் எதிர்த்துப் பேசினதில்லை. அவர்கள் காசு கொடுக்கிறவர்கள், நாம் வேலைக்கு வந்தவர்கள். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"சோறு விழுந்த எலைய சாப்பிடாம எடுக்க எனக்குக் கை வராது தம்பி. பந்தி முடியட்டும்" என்றேன். 

"அவரு எங்க தலைவர என்ன பேசுனாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது தம்பி. ஒங்க தலைவருக்குத் தெரியுமா?"

இதைக் கெட்டிக்காரத்தனமாகக் கேட்கவில்லை. அந்தப் பேச்சு அவர் காது வரைக்கும் போய் அவர் வருத்தப்பட்டாரோ என்று நினைத்துத்தான் கேட்டேன். கணேசன் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பந்தி முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். ரெண்டாம் பந்திக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். அந்த இலையை நான்தான் எடுத்தேன். வேறு வழியில்லை. ஆறிப்போன சோறோடு அதை மடக்கியபோது, செல்வி காரியம் கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன்.

பின்பக்கம் போனால், பாண்டி அங்கேயே இருந்தார். அவர் டூவீலருக்குக் குறுக்கே நம்ம செட்டுப் பாத்திர வண்டி நின்றது. டிரைவர் சாவியோடு சாப்பிடப் போயிருந்தான். கவிழ்த்து வைத்த அண்டா மேல் பாண்டி உட்கார்ந்திருந்தார்.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க பெரியம்மா" என்றார்.

"சொல்றேன் தம்பி" என்றேன். கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்லி அனுப்பினேன்.

அதற்குள் செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அழுதழுது அந்தப் பிள்ளைக்கு விக்கல் பிடித்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தட்டில் சோறு பிசைந்து ஊட்டினால் வாயை மூடிக்கொண்டு, "மாமா... மாமா" என்றது. காது குத்துகிறபோது இறுக்கிப் பிடித்தது அந்த மாமன்தான், ஆனாலும் அவரைத்தான் கேட்டது. செல்வி பிள்ளையை அவர் மடியில் வைத்து, தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். பாண்டி சோற்றைப் பிசைந்து ஊட்டினார். பிள்ளை ஒரு வாய் வாங்கிவிட்டுத் துப்பியது.

போட்டோக்காரர் பிள்ளையைத் தேடுகிறார் என்று கணேசன் அங்கே வந்தார். மச்சானைப் பார்த்ததும் நின்றார். இன்னொரு வாயும் துப்புவதைப் பார்த்தார்.

"இப்புடிக் கட்டியாப் பெசஞ்சா அவ திங்க மாட்டா. ரசம் தளும்பணும்."

"எம் மருமகளுக்கு எப்புடிப் பெசையணும்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்ச லச்சணம் சட்டையில துப்புனதுலயே தெரியுது."

"அதுக்கு ரசம் வேணும்ல? ரசத்த ஒங்கப்பனா கொண்டாந்து ஊத்துவாரு?"

கணேசன் விறுவிறுவென்று போய் ரச வாளியை எடுத்து வந்து ஊற்றினார். "போதும், போதும், கஞ்சியாக்கிட்டியே" என்று பாண்டி கத்தினார். "அப்பத்தான் எறங்கும், ஊட்டிப் பாரு" என்று கணேசன் கத்தினார். பிள்ளை சாப்பிட்டது. பாதி சாப்பிட்டுவிட்டு மாமன் தோளில் சாய்ந்து கண்ணைச் சொருகியது. பாண்டி மிச்சத்தைப் பார்த்தார். பிள்ளை வைத்த மிச்சத்தை வீட்டில் நாம் எப்படி வழித்து வாயில் போடுவோமோ, அப்படியே போட்டார். யோசித்துச் செய்யவில்லை. ரெண்டாம் வாய் போட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நிமிர்ந்து செல்வியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். பாண்டி தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தார்.

வண்டி வழி விட்டது. அவர் போய்விட்டார். கணேசனிடம் போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ரெண்டு வகையை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். முதல் வகையில் ஆட்கள் தங்கள் தலைவரையே ரெண்டு வார்த்தை குறை சொல்லிக்கொள்வார்கள். ரோடு, தண்ணி, ரேசன் என்று பேச்சு ஒரு பொருளில் நிற்கும். தோற்றால் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த தேர்தலைப் பார்ப்பார்கள். இன்னொரு வகையில், தலைவரை ஒரு சொல் சொன்னாலும் தன் தாயைச் சொன்னமாதிரி ஒருத்தருக்குச் சுடும். இன்னொருத்தருக்கு அவர் பண்ணின ஒரு நல்லதைச் சொன்னாலும் வயிறு எரியும். அவர் என்ன செய்தார் என்கிற பேச்சே போய், நீ எப்படிப்பட்ட ஆள் என்கிற பேச்சு வந்துவிடும். அதுவும் ஒரே வீட்டுக்குள்ளே வரும். கத்துவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கேலிக்குச் சிரிப்பு வராமல் வரிசை அமைதியானால், அப்போது இலையை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். எனக்கு வேலை பழக்கிய அக்கா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்த நேரம் யாருக்கும் நியாயம் சொல்லப் போகாதீர்கள். இடத்தை மாற்றி உட்கார வையுங்கள். எதிரே உட்காருகிறவரின் சட்டைப் பையைப் பாருங்கள். தலைக்கு மேல் என்ன கட்டியிருக்கிறது என்று நிமிர்ந்தும் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

போன பொங்கலுக்குச் செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். பாண்டி கரும்புக் கட்டோடு வந்திருந்தார். அந்தத் தலைவரைப் பற்றி ரெண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை. டிவியில் அவர் வந்தால் செல்வி சேனலை மாற்றிவிடுகிறாள். கணேசன் மாறவில்லை, பாண்டியும் மாறவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். கணேசன் குரல்தான் முதலில் கேட்டது.

"பெரியம்மா, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு இவருதான ரசம் கொண்டான்னு எங்கிட்ட மொதல்ல வாயத் தொறந்தது?"

"நானா? இவன்தான் பெரியம்மா வந்து கட்டியாப் பெசையாதன்னு ஆரம்பிச்சான். நான் இவன் கூடப் பேசவே இல்ல, பிள்ளகிட்டதான் பேசிக்கிட்டிருந்தேன்."

"பிள்ளகிட்டயா ஒங்கப்பன்னு கேட்டீரு?"

சமையல்கட்டிலிருந்து செல்வி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் அன்றைக்கு அங்கேயேதான் நின்றேன், மேலே எழுதியது என் ஞாபகப்படிதான். ஆனால் பாண்டி அடித்துப் பேசுவதைக் கேட்டால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. காதுகுத்து நடந்தது ஆவணியா, தையா என்பதிலும் எனக்குக் குழப்பம். அன்றைக்குப் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் நம்ம செட்டில் இன்னும் ரெண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களிடம் யாராவது கேட்டு, முதலில் பேசியது யார் என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். அடுத்த பொங்கலுக்குள் சொன்னால் போதும். ரெண்டு பேரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.